பருவம் பிறந்தது, பிள்ளை ஊரில் இருக்கிறதா?

காலாண்டு விடுமுறை முடிந்து 2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை காலை தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. இரண்டாம் பருவப் புத்தகங்கள் வந்து இறங்கிவிட்டன. காலை உணவுக்கு அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது. தருமபுரி மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இவற்றைத் தாண்டி இன்னொரு கவலை உண்டு. வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் அவர்கள் தேடுவது வராத பெயர்களைத்தான்.

2025-ல் ஆயுத பூஜையும் விஜயதசமியும் அக்டோபர் முதல் இரண்டு நாட்களில் வந்தன. தீபாவளி 20-ம் தேதி. பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் அப்பா, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் அம்மா, ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைக்குப் போன அண்ணன் என எல்லோரும் ஊருக்கு வந்து போகும் காலம் இது. வந்தவர்கள் திரும்பும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்துகள் ஏதோ ஒரு கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகையில் மறந்துபோகும். பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் ஆயாவும் தாத்தாவும்தான் பெற்றோர். தருமபுரியில் பள்ளிச் செய்தி எது, அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விகள் இங்கேதான் தொடங்குகின்றன.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தலைமை ஆசிரியர் அறிவிப்பைப் போடுகிறார். அது போய்ச் சேரும் போன் அப்பாவின் சட்டைப் பையில், பெங்களூரில் இருக்கிறது. பிள்ளை இருப்பதோ பென்னாகரத்திலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியின் வீட்டில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரி மாவட்டத்தில் அது 68.5 சதவீதம்தான், தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே மிகக் குறைவு. அன்று எழுத்தறியாதவர்களாகக் கணக்கில் வந்த நடுவயதுப் பெண்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அச்சடித்த அறிவிப்பும் குறுஞ்செய்தியும் அவர்களுக்கு எட்டாது. நேரில் சொன்னால்தான் செய்தி.

பருவ முறை 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாவது, ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். ஆண்டு முழுக்க ஒரே கட்டைச் சுமக்க வேண்டாம் என்பது நோக்கம். இடையில் வந்து சேரும் பிள்ளைக்கும் இதில் ஒரு நன்மை இருக்கிறது: எல்லோரும் புதுப் புத்தகம் திறக்கும் நாளில் அவனும் திறக்கிறான். ஆனால் மூன்றில் நாள் குறைந்தது இந்த இரண்டாம் பருவம்தான். தீபாவளி, வடகிழக்குப் பருவமழைக்கான விடுமுறைகள், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு என்று ஓடிவிடும். அக்டோபரில் இரண்டு வாரம் தவறவிட்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தை டிசம்பரில் நின்று திரும்பிப் பார்த்தால், பருவமே கைநழுவியிருக்கும்.

ஆகவே ஊர் திரும்பிய குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, சேர்க்கை ஜூனோடு முடிவதில்லை என்பது. விஜயதசமி அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த நாளைத் தவறவிட்டவர்களுக்கும் கதவு மூடவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிறப்புச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தார்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதுவும் தடையாகாது. படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி தர வேண்டும். செங்கல் சூளையிலிருந்து திரும்பிய எட்டு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்க வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பு அவளுக்கு உரிமை.

காலை உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இந்த மாவட்டத்தில் அதன் பொருள் வேறு.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 குழந்தைகள், 33.56 கோடி ரூபாய். தொலைதூர மலைப் பகுதிப் பள்ளிகளையும் அப்போதே சேர்த்துக்கொண்டார்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாளில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்ட் 26-ல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. கிச்சடி, பொங்கல், உப்புமா வகைகள், கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவு. திங்கட்கிழமை உப்புமாவை எடுத்துவிட்டுப் பொங்கலும் சாம்பாரும் தருவதென்று 2025-ல் முடிவானபோது அதிகம் மகிழ்ந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாயாக இருக்க வேண்டும் என்பது தேர்வு விதிகளில் ஒன்று. இந்த ஒரு விதி செய்த வேலை பெரியது. தன் பிள்ளையும் அதே வரிசையில் தட்டோடு உட்காரும் என்று தெரிந்த பெண் அரிசியைக் களைவது வேறு மாதிரி இருக்கும். அடுப்பு பற்றவைத்த நேரம், பரிமாறிய நேரம் எல்லாம் செயலியில் பதிவாகின்றன.

முதல் கட்டப் பள்ளிகளை மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தது. 1,543 பள்ளிகளில் 1,319-ல் வருகை கூடியிருந்தது. தருமபுரியில் இதன் காரணத்தை யாரும் ஆராய வேண்டியதில்லை. தக்காளித் தோட்டத்துக்கும் மல்லிகைத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகும் அம்மா விடியற்காலையிலேயே கிளம்பியாக வேண்டும். வீட்டில் முந்தின நாள் களியோ பழைய சோறோ மிச்சம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு மத்தியானப் பசியைத் தீர்த்தது. அதுவரை முதல் மூன்று பாடவேளைகளையும் வெறும் வயிற்றோடு கடந்த பிள்ளைகளுக்கு, நாற்பது ஆண்டு கழித்து வழி பிறந்திருக்கிறது.

இதில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தருமபுரி கேழ்வரகு விளையும் மண். 2023 மே மாதம் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு சோதனையாகத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இரண்டே மாவட்டங்களில் ஒன்று இது; மற்றொன்று நீலகிரி. ரேஷனுக்கு வந்த கேழ்வரகு பள்ளித் தட்டுக்கு வர என்ன தடை? வாரத்தில் ஒரு நாள் ராகிப் புட்டு, ராகிச் சேமியா. பாட்டி வீட்டில் செய்வதையே பள்ளியிலும் சாப்பிடும் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் சேரும். பக்கத்து வயலில் விளைவித்தவருக்கும் ஒரு சந்தை கிடைக்கும்.

உணவுக்கு அடுத்து தண்ணீர். 2025-26 கல்வியாண்டில் பள்ளிகளுக்கு வந்த புது ஏற்பாடு ‘வாட்டர் பெல்’. காலை 11 மணி, மதியம் 1 மணி, மாலை 3 மணிக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். மற்ற மாவட்டங்களில் இது நல்ல பழக்கம் என்ற அளவில் நின்றுவிடும். தருமபுரியில் உடனே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: எந்தத் தண்ணீர்?

இங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் சுண்ணாம்புக் கோடுகள் விழும், பிறகு பழுப்புக் கறை படியும். நாளானால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயது எட்டு வரை. அதாவது தொடக்கப் பள்ளி வயதில் குடித்த தண்ணீர் ஆயுள் முழுக்கப் பல்லில் தெரியும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்கள் இந்த மாவட்டத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் கடனுதவியோடு வேலை நடந்தது. 2013 மே 29 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனால் காவிரி நீர் வராத நாளில் பள்ளித் தொட்டியை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்பதைப் பெற்றோர் கேட்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் அதைச் சோதித்தார்களா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஃபுளூரைடு கொதிக்கவைத்தால் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். காய்ச்சிய தண்ணீர் கொடுத்து அனுப்புகிறோமே என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளுக்கு இதை யாராவது நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

கழிப்பறை பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு மலைவாழ் மக்கள் பள்ளியில் மாணவிகளே கழிப்பறையைக் கழுவும் காணொளி பரவியது. தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஒருவரைத் தண்டித்ததோடு அந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை. துப்புரவுக்கு ஆள் இருக்கிறாரா, சம்பளம் மாதாமாதம் போகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கேட்டால்தான் பிள்ளைகள் கைக்கு விளக்குமாறு போகாது.

மலைக்குப் போவோம். தேர்தல் வரும்போதெல்லாம் செய்தியில் இடம்பிடிக்கும் ஊர் ஒன்று பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது. கோட்டூர் மலை. வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகும் படங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. வாக்குச்சாவடிக்குப் போகும் அதே பாதைதான் பள்ளிப் பொருள்களுக்கும். ஏரிமலை, அலகட்டு மக்களுக்கும் கதை அதிகம் மாறுவதில்லை. அரூர்ப் பக்கம் சித்தேரி ஊராட்சியில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மலைக் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. மலையில் கிலோமீட்டருக்குப் பொருளே வேறு. இடையில் ஓர் ஓடை குறுக்கிட்டால் அக்டோபர் மழையில் அதுவே விடுமுறை அறிவிப்பாகிவிடும்.

இப்படிப்பட்ட குடியிருப்புகளின் குழந்தைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வண்டி ஏற்பாடும் வழித்துணைக்கு ஆள் வைக்கும் வசதியும் உண்டு. கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா விடுதிகளுக்கும் பணம் வருவது அந்தத் திட்டத்திலிருந்துதான். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25-க்கு வர வேண்டிய இரண்டாயிரம் கோடிக்கும் மேற்பட்ட தொகையை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததால், தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. கொள்கைச் சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கட்டும். சித்தேரிப் பாதையில் நடக்கும் ஏழு வயதுக் குழந்தையின் வண்டிச் செலவை அதற்குப் பிணையாக வைத்தது அநியாயம்.

பள்ளிக்கு வந்து சேர்ந்த பிள்ளை என்ன கற்கிறது? ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பறையில் நடப்பது ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய திட்டம். கொரோனாக் காலத்து இழப்பை ஈடுகட்டி, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு; அதற்கு வைத்த கெடு 2025. முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து அவரவர் நிலையிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்த மூன்று சொற்களும் பாட்டிமார்களுக்கும் புரியும். ‘எம் பேரன் எத்தனை மார்க்கு?’ என்று கேட்பதைவிட ‘அரும்புலயே இருக்கானா, மொட்டுக்கு வந்துட்டானா?’ என்று கேட்பது ஆசிரியரிடமிருந்து உண்மையான பதிலை வாங்கித் தரும். இரண்டாம் பருவத் தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். செப்டம்பரில் முடிந்த தொகுத்தறி மதிப்பீட்டின் முடிவு ஆசிரியர் கையில் இருக்கிறது.

ஆசிரியர் பக்கமும் பேச வேண்டும். தருமபுரி ஊரகத்தில் ஈராசிரியர் பள்ளிகள் நிறைய. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டக் கணக்கு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அதோடு செயலிகளில் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இருபது ஆண்டாக ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தப் பருவத்தில் தங்கள் வேலையைப் பற்றிய கவலையோடு வகுப்புக்கு வருகிறார்கள்.

யார் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை இந்தப் பகுதி அடங்கிய பாராமகாலின் நிர்வாகத்தில் இருந்தபோது தருமபுரியில் வாழ்ந்தவர். பின்னர் சென்னை மாகாண ஆளுநரான அவர், 1822-ல் எல்லா கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-ல் தொகுத்து எழுதினார். பள்ளியில் இருந்த பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். இருநூறு ஆண்டு கழித்து அதே மாவட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கிறது. கணக்கு துல்லியமாகிவிட்டது, கணக்கிலிருந்து நழுவுகிறவர்கள் இன்னும் பெண் குழந்தைகளும் இடம்பெயர்ந்தவர் பிள்ளைகளும்தான்.

பெண் குழந்தைக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து ஊக்கத்தொகை உண்டு: ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட குடும்பத்து மாணவிகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 500 ரூபாய், ஆறாம் வகுப்பில் 1,000 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் ஒன்பது வயதுப் பெண் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பது என்பது குழந்தைத் திருமணங்கள் இன்னும் நடக்கும் ஒரு மாவட்டத்தில் சின்ன விஷயம் கிடையாது. கணக்குக்கு ஆதார் வேண்டும். ஐந்து வயதில் கைரேகையும் கண்விழியும் புதுப்பிக்காவிட்டால் ஆதார் தடுமாறும். ஏழு வயது கடந்த பிள்ளைகளிடம் இந்தப் புதுப்பிப்புக்கு வாங்கிவந்த கட்டணத்தை 2025 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்கு ஆதார் ஆணையம் நீக்கியிருக்கிறது. பள்ளியிலேயே ஆதார் முகாம் நடக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால், கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டாம்.

கொள்கைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது போதும், மூன்றிலும் ஐந்திலும் பொதுத் தேர்வு கிடையாது, இரு மொழிதான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதும் தொடர்கிறது. தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 சதவீத இடங்களுக்கு நிதிச் சிக்கலால் தள்ளிப்போன சேர்க்கை 2025-ல் அக்டோபரில்தான் நடந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். தமிழ்நாட்டில் 2022-லும் பிறகு 2024-லும் குழுக்களை மாற்றியமைத்தார்கள்; இரண்டாவது முறை முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். வழக்கமாகக் கூட்டம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. கையெழுத்துப் போட மட்டும் கூடும் குழுக்களும் உண்டு. பெற்றோர் ஊரில் இல்லாத குடும்பங்களின் சார்பில் ஆயாவும் தாத்தாவும் அதில் பேசலாம் என்று தலைமை ஆசிரியர்கள் முன்வந்து சொல்ல வேண்டும். பாதுகாவலர் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொட்டி கழுவிய தேதி, தண்ணீர்ச் சோதனை, ஒழுகும் கூரை, நாய்த் தொல்லை எல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். அங்கே தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417. குழந்தைக்கு ஆபத்து, திருமண ஏற்பாடு என்றால் 1098. இரண்டும் இலவச அழைப்பு.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் மூன்றாம் பருவம் தொடங்கும். கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிடும் மாதங்களும் அவைதான். போகாமல் இருக்க முடியாத குடும்பங்கள் பிள்ளையை உறவினர் வீட்டில் விட முடியுமா, உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று இப்போதே வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட வேண்டும். கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் சொல்லாமல் கிளம்பக் கூடாது. ஒவ்வொரு மாணவருக்கும் நாடு முழுவதும் செல்லும் பதினொரு இலக்க நிரந்தரக் கல்வி எண் இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி வாங்கி, நடப்புப் பருவப் புத்தகங்களோடு பையில் வைத்துக்கொண்டால், கர்நாடகத்தில் எந்த அரசுப் பள்ளி வாசலில் போய் நின்றாலும் பிள்ளை எந்த வகுப்பில் படித்தது என்று அங்கிருக்கும் ஆசிரியர் கணினியில் பார்த்துச் சேர்த்துக்கொள்ள முடியும்.